மனசு களைத்தால் பக்கத்து வாசலுக்கும் போகலாம்: குமரி எல்லைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் சரி, ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு பழைய மதத்தின் வாசலில் இறங்கிவிடலாம். சிதறாலில் 9-ஆம் நூற்றாண்டுச் சமண மலை. தக்கலையில் பீர் முகம்மது அப்பா தர்கா. திருவிதாங்கோட்டில், கி.பி. 63-இல் தோமா அப்போஸ்தலர் நிறுவியதாகச் சொல்லப்படும் அரப்பள்ளி. இன்னும் கொஞ்சம் போனால் கோட்டார், சுசீந்திரம், அய்யா வைகுண்டரின் பதி (வழிபாட்டிடம்) இருக்கும் சாமித்தோப்பு. களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போய்ப் பாளையத்தில் இறங்கினால் பள்ளிவாசலும் கத்தோலிக்கப் பேராலயமும் பிள்ளையார் கோவிலும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம்மில் பலர் அடுத்தவர்களின் கோவிலையும் பள்ளியையும் பதியையும் வெளியே இருந்துதான் பார்த்திருக்கிறோம். திருவிழா லைட்டு, ஒலிபெருக்கி, ரோட்டில் நெரிசல், அதோடு சரி. உள்ளே இருக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் மனசை எப்படி ஆற்றிக்கொண்டு வருகிறார்கள் என்று கேட்டதில்லை. கேட்டால் நமக்கும் அதில் பங்கு கிடைக்கும். அந்தப் பங்கை மரியாதையோடு வாங்கிக்கொள்வது எப்படி என்பதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

இதற்கு மதம் மாற வேண்டியதில்லை. எந்த மதம் உண்மை என்று தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். 1924-இல் கேரளத்துத் துறவி நாராயண குரு ஆலுவாவில் சர்வமத மாநாடு கூட்டியபோது, "வாதிக்கவும் ஜெயிக்கவும் அல்ல, அறியவும் அறிவிக்கவும்" என்பதை அதன் நோக்கமாக வைத்தார். நம் மருந்துவாழ்மலைக் குகையில் தவம் இருந்தவர் அவர். அந்த வரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். இந்தப் பயணத்துக்கு வேறு தகுதி எதுவும் தேவையில்லை.

முதல் படி: எந்தக் களைப்பு என்று பாருங்கள்

"மனசு சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் களைப்பு பல ரகம். ராத்திரி படுத்த பிறகும் தலைக்குள் கடன் கணக்கு ஓடிக்கொண்டே இருப்பது ஒன்று. பல வருஷம் கல்ஃபில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவருக்குச் சொந்த ஊரே அந்நியமாகத் தெரிவது ஒன்று. படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துப் பார்த்து, தன்னைப் பார்க்க ஆளில்லாமல் தேய்ந்துபோகும் மருமகளின் களைப்பு இன்னொன்று. அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு வந்து பேச்சு நின்றுபோன கசப்பு, வேலை செய்யும் இடத்தில் நாலு பேர் முன்னால் அவமானப்பட்ட வலி, விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குக் கிளம்பி ஞாயிற்றுக்கிழமைகூட ஓயாத உடம்பு என்று ஒவ்வொன்றும் வேறு வேறு.

ஒவ்வொரு மதமும் இவற்றில் ஏதோ ஒன்றில் தனிக் கைப்பக்குவம் உள்ளது. தலைக்குள் இரைச்சல் என்றால் உட்காரச் சொல்லித் தரும் மதங்களிடம் போங்கள். கசப்பு என்றால் மன்னிப்புக்கு முறை வகுத்த மதங்களிடம். மரியாதை அடிபட்டிருந்தால் சாமித்தோப்பு. தனிமை என்றால் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் இடம் எதுவாக இருந்தாலும் சரி. ஓயாத வேலை என்றால் யூதர்களின் ஓய்வுநாள்.

ஒரு நோட்டில் உங்கள் களைப்பை ஒரே வரியில் எழுதுங்கள். "தூக்கம் வரவில்லை" என்று மட்டும் எழுதாமல், எதை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்றும் எழுதுங்கள். எந்த வாசலுக்கு முதலில் போவது என்பதை அந்த வரியே காட்டிவிடும்.

இரண்டாம் படி: வீட்டில் சொல்லிவிடுங்கள்

இதை விட்டுவிட்டு நேராகப் போய்விடலாம் என்று தோன்றும். விட வேண்டாம். இது 1982-இல் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரத்தைப் பார்த்த மண். அந்தக் காயத்தை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் இரண்டு பக்கத்திலும் இன்றும் இருக்கின்றன. ஒருவர் திடீரென்று அடுத்தவர் ஆலயத்துக்குப் போய்வந்தால் "மாறப் போறானோ" என்ற பேச்சு தெருமுனைச் சாயாக்கடையிலேயே ஆரம்பித்துவிடும். அதனால் முன்கூட்டியே அம்மாவிடம், மனைவியிடம், கணவரிடம் நேராகச் சொல்லுங்கள்: "எனக்கு மனசு களைச்சிருக்கு, அவங்க எப்படி உக்காந்து ஜெபிக்காங்கன்னு பாக்கப் போறேன், நம்ம வழக்கத்த விடல்ல." முடிந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். ஒளித்துச் செய்யும் காரியம் மனசுக்கு இன்னொரு பாரம்.

உங்கள் சொந்த மதத்தில் உங்களுக்குப் பிடித்தது எது, சிறுவயதில் எது ஆறுதலாக இருந்தது என்பதையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள். சொந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவருக்கு அடுத்த வீட்டுச் செல்வம் இன்னும் தெளிவாகத் தெரியும். எந்த மதத்திலும் நம்பிக்கை இல்லாதவர்களும் இதைச் செய்யலாம். பாட்டி சாயங்காலம் விளக்கு ஏற்றியதோ, தாத்தா ராத்திரி வேதாகமம் வாசித்ததோ யாருக்கும் நினைவில் இருக்கும்.

மூன்றாம் படி: விருந்தாளியாகப் போங்கள்

போகுமுன் அந்த மதத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவரிடம் கேளுங்கள். நம் ஊரில் அப்படி ஒரு நண்பர் இல்லாதவர் இருக்க முடியாது. "நான் வரலாமா, எங்க நிக்கணும், என்ன செய்யக் கூடாது?" இந்த மூன்று கேள்வி போதும். கூட வரவே பெரும்பாலும் தயாராக இருப்பார்கள்.

கவனிக்க வேண்டியவை சில. குமரி மாவட்டத்தின் பழைய கோவில்கள் பலவற்றில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவிலில் வேட்டி கட்டாயம், இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. இப்படி விதி உள்ள இடத்தில் வாசலில் நின்று வாதாடாதீர்கள், வேறு இடத்துக்குப் போங்கள். பள்ளிவாசலிலும் தர்காவிலும் தலையை மூடிக்கொள்வது மரியாதை. பெண்களுக்கு எங்கே இடம் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும், முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில் நற்கருணை அந்தச் சபையாருக்கு உரியது. மற்றவர்கள் வரிசையில் போகாமல் இடத்திலேயே இருப்பதுதான் முறை, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். போனை அணைத்துவிடுங்கள். அழுது ஜெபிக்கிறவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

அப்புறம், பின்வரிசையில் உட்காருங்கள். முதல் தடவை எதையும் கற்றுக்கொண்டாக வேண்டும் என்று இல்லை. மற்றவர்கள் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தாலே உடம்பு கொஞ்சம் தளரும்.

நான்காம் படி: ஒவ்வொரு வாசலாக

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் பார்த்து முடிக்கக் கூடாது. உங்கள் நோட்டு வரிக்கு எது பொருந்துகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். நான் அதிகம் சொல்லப்போவது சாமித்தோப்பையும் சிதறாலையும் பற்றி. இந்த இரண்டுக்கும் ஈடான இடம் வேறு எங்கும் கிடைக்காது.

*சாமித்தோப்பு: மரியாதை அடிபட்ட மனசுக்கு*

நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவில் இருக்கிறது அய்யா வைகுண்டரின் தலைமைப்பதி. அய்யா வாழ்ந்த காலம் 1809 முதல் 1851 வரை. அன்றைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியார் தலையில் துண்டு கட்டக் கூடாது, பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது. அந்த மக்களைப் பார்த்துத்தான் அய்யா தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட வரச் சொன்னார். எல்லாச் சாதியாரும் முத்திரிக் கிணற்றில் ஒன்றாகக் குளித்தார்கள், ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். திருவிதாங்கூர் அரசு அவரைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சிறையில் வைத்ததும் நடந்தது.

இன்றும் ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகையோடுதான் உள்ளே போக வேண்டும். புதிதாக வருகிறவர் வாசலில் தயங்கி நின்றால் பெரியவர் யாராவது, "தலையில துண்டக் கெட்டிட்டு வாங்க மக்களே" என்று சொல்லுவார். மற்ற இடங்களில் சாமி முன்னால் துண்டை இறக்கி இடுப்பில் கட்டிப் பழகிய கை, இங்கே அதைத் தூக்கித் தலையில் சுற்றுகிறது. செய்து பார்த்தால்தான் அந்த வித்தியாசம் புரியும். துண்டைச் சுற்றி முடிக்கும்போது கழுத்து தானாக நிமிரும்.

பள்ளியறையில் சிலை கிடையாது. விளக்குகளும் நிலைக்கண்ணாடியும்தான். போய் நிற்கிறவருக்கு அவருடைய முகமே தெரியும், தலைப்பாகையோடு. கடவுள் உனக்குள்ளும் இருக்கிறார் என்ற போதனையை ஒரு பிரசங்கமும் இல்லாமல் அந்தக் கண்ணாடி சொல்லிவிடுகிறது. பணிவிடை செய்கிறவர் நெற்றி நடுவிலிருந்து மேல்நோக்கிச் சுடர் வடிவில் வெள்ளைத் திருநாமம் இடுவார். "அய்யா உண்டு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

அவமானப்பட்டு வந்த ஒருவருக்கு இதைவிட நேரான வைத்தியம் எனக்குத் தெரியாது. கண்ணாடி முன்னால் அவசரப்படாமல் நில்லுங்கள், பின்னால் கூட்டம் இல்லை என்றால் இன்னும் கொஞ்சம். வீட்டுக்கு எடுத்துவர வேண்டிய பழக்கமும் அதுவே. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கண்ணாடியில் உங்கள் முகத்தை, குறை தேடாமல், ஒரு நிமிஷம் நிமிர்ந்து பாருங்கள். பலருக்கு அந்த ஒரு நிமிஷமே முதலில் கஷ்டமாக இருக்கும்.

*சிதறால்: இரைச்சலுக்கும் கசப்புக்கும்*

மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர். பழைய பெயர் திருச்சாரணத்து மலை. அடிவாரத்திலிருந்து கல் பாவிய பாதை மேலே போகிறது. வெயில் ஏறுமுன் போங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போனதும் பாறைச் சுவரில் வரிசையாகச் சமண ஞானிகளான தீர்த்தங்கரர்கள். தலைக்கு மேல் நாகப் படம் விரித்தவர் பார்சுவநாதர். பக்கத்தில் சிங்கத்தோடும் குழந்தைகளோடும் நிற்கும் இயக்கி அம்பிகை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு இங்கே உண்டு. பிற்காலத்தில் இது பகவதி கோவிலாகவும் ஆனது. பகவதியைக் கும்பிட வருகிறவரும் தீர்த்தங்கரரைப் பார்க்க வருகிறவரும் இன்று ஒரே படியில்தான் ஏறுகிறார்கள். நாகர்கோவில் நாகராஜா கோவில் தூண்களிலும் மகாவீரரும் பார்சுவநாதரும் செதுக்கப்பட்டிருப்பதை அடுத்த தடவை போகும்போது தேடிப் பாருங்கள்.

அந்த உருவங்களின் முகத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. எதையும் கேட்காத முகம். சமணர்கள் சாமாயிகம் என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். 48 நிமிஷம், அதாவது இரண்டு நாழிகை, யாரிடமும் விருப்போ வெறுப்போ காட்டாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பது. மலைமேல் மண்டபத்து ஓரமாக ஒரு நிழலைப் பிடித்து அதில் பாதி நேரம் உட்கார்ந்து பாருங்கள். முதல் பத்து நிமிஷம் கை போனைத் தேடும். அதன் பிறகு கீழே இருந்து வரும் சத்தங்கள் தனித்தனியாகக் கேட்க ஆரம்பிக்கும். இந்த இடத்தில் வரும் எண்ணங்களை விரட்ட வேண்டாம், அவற்றோடு பேசவும் வேண்டாம்.

சமணத்தின் இன்னொரு கொடை, வருஷத்துக்கு ஒரு முறை எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பது. பரியூஷண நோன்பு முடியும்போது உறவினர், நண்பர், வேலைக்காரர் என்று பார்க்காமல் "மிச்சாமி துக்கடம்" சொல்லுவார்கள். தெரிந்தோ தெரியாமலோ உங்களுக்கு நான் செய்த தீங்கு ஒழியட்டும் என்று பொருள். யார் பக்கம் நியாயம் என்ற விசாரணையே அதில் கிடையாது. சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன வீடுகளுக்கு இது பெரிய வழி. வக்கீல் வழக்கைப் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் அண்ணனுக்கு ஒரு போன் போட்டு, வழக்கைப் பற்றிப் பேசாமல், "நான் ஏதாவது மனசு நோகப் பேசியிருந்தா மன்னிச்சிக்கிடுங்க அண்ணா" என்று மட்டும் சொல்லலாம். அவர் என்ன பதில் சொல்கிறார் என்பது அவர் பாடு.

*தக்கலை: நடுவில் நிறுத்தத் தெரியாதவர்களுக்கு*

பீர் முகம்மது அப்பா தென்காசியில் பிறந்து தக்கலையில் வாழ்ந்த சூஃபி ஞானி, நெசவு செய்து பிழைத்தவர். தமிழில் பாடியவர் என்பதால் முஸ்லிம் அல்லாத தமிழருக்கும் அவர் சொல் நேராகப் போய்ச் சேரும். ரஜப் மாத ஆண்டுவிழாவில் அவருடைய ஞானப்புகழ்ச்சியை இரவு முழுக்கக் கூட்டமாகப் பாடுவார்கள். பொருள் முழுவதும் பிடிபடாவிட்டாலும், பலர் ஒரே குரலில் பாடும்போது நம் மூச்சும் அந்தத் தாளத்துக்கு வந்துவிடும்.

இஸ்லாத்தில் இருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய பெரிய பாடம், ஒரு நாளை ஐந்து இடத்தில் நிறுத்துவது. தொழுகை நம்பிக்கையாளருக்கு உரியது, பார்த்து அப்படியே நடிக்கக் கூடாது. ஆனால் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு நம் எல்லோர் காதிலும்தான் விழுகிறது. பாங்கு கேட்டதும் செய்துகொண்டிருக்கும் வேலையைக் கீழே வைத்து, முடியும்வரை சும்மா இருங்கள். அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு இருங்கள். கடையில் கல்லாவில் இருந்தால் கையை மேசையில் வைத்துக்கொண்டு இருங்கள். தொழுகைக்கு முன் கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, தலை, கால் என்று ஒளு செய்கிறார்களே, அதைக் கவனித்துப் பாருங்கள். கவலையோடு இருக்கிறவர் முகத்தையும் கையையும் குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகக் கழுவினாலே பாதிப் படபடப்பு இறங்கும்.

ரமலானில் பக்கத்துப் பள்ளியில் இருந்து நோன்புக் கஞ்சி வந்தால் வாங்கிக் குடித்துவிட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போங்கள். தனிமைக்கு மருந்து அந்தப் பாத்திரத்தோடு நடக்கும் பத்தடியில் இருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர்கள் நோன்பு பிடித்துப் பார்க்க ஆசைப்பட்டால் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

*கோட்டாரும் திருவிதாங்கோடும்: அன்றைய நாளை முடித்து வைக்க*

1540-களில் இந்தக் கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் பெயரில் கோட்டாரில் பேராலயம் இருக்கிறது. அவர் இயேசு சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் ராத்திரி படுக்கும் முன் செய்ய ஒரு முறையை வகுத்தார். அன்றைக்குக் கிடைத்த நல்லதற்கு நன்றி, தெளிவு கேட்டு ஒரு வேண்டுதல், காலையிலிருந்து நடந்ததை மனசில் ஓட்டிப் பார்ப்பது, தவறியதற்கு மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம். ஐந்தும் சேர்ந்து பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடியும். தலைக்குள் கணக்கு ஓடும் ரகத்துக்கு இது நன்றாகக் கேட்கும், ஏனென்றால் ஓடுகிற கணக்குக்கு ஒரு முடிவுக் கோடு கிடைக்கிறது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் வேண்டுதலை விட்டுவிட்டு மற்ற நான்கையும் செய்யலாம்.

திருவிதாங்கோடு அரப்பள்ளி சின்னக் கல் கட்டடம், அமைதி அங்கே நிறைய. பாட்டு வேண்டும் என்றால் சி.எஸ்.ஐ. சபைகளின் ஞாயிறு ஆராதனைக்குப் போங்கள். தமிழ்க் கீர்த்தனைகளை ராகத்தோடு சபை முழுக்கப் பாடுவதைக் கேட்டால் நம் ஊர் இசை எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தெரியும்.

*சிவாலய ஓட்டம்: உடம்பு மரத்துப்போனவர்களுக்கு*

மாசி மகா சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவாலயங்களைக் காலால் கடப்பார்கள். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும். காவி வேட்டி, கையில் விசிறி, வாயில் "கோவிந்தா! கோபாலா!" சிவன் கோவிலுக்கு ஓடிக்கொண்டே விஷ்ணு பெயரைச் சொல்லும் வழக்கம் இது. வழியெல்லாம் மோரும் பானகமும் கொடுத்துக்கொண்டு ஊர் ஜனம் நிற்கும். முழு ஓட்டத்துக்கும் விரதமும் உடல்பயிற்சியும் வேண்டும். புதியவர்கள் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு கோவில்களுக்கு இடையே மட்டும் நடந்து பாருங்கள், அல்லது மோர்ப் பந்தலில் நின்று ஊற்றிக் கொடுங்கள். இரண்டாவதை நான் ஒருபடி மேலே வைப்பேன்.

*எல்லைக்கு அப்பால்: கருமாடி, செங்கன்னூர், மட்டாஞ்சேரி*

ஆலப்புழை மாவட்டம் அம்பலப்புழை பக்கம் கருமாடியில் ஒரு கருங்கல் புத்தர் இருக்கிறார். ஊர் ஜனம் கொடுத்த பெயர் கருமாடிக்குட்டன். உடம்பின் ஒரு பக்கம் உடைந்துபோயும் உட்கார்ந்த நிலை கலையவில்லை. பௌத்தத் தியானத்தை முறையாகக் கற்க வேண்டும் என்றால் செங்கன்னூர் பக்கம் விபாசனா மையம் உண்டு. கோயங்கா என்ற ஆசிரியரின் வழியிலான 10 நாள் வகுப்பு. பேசக் கூடாது, போன் கிடையாது, விடியற்காலை 4 மணிக்கு எழ வேண்டும். கட்டணம் இல்லை, முடித்த பிறகு விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம். அந்த 10 நாளும் உங்கள் வழக்கமான பூஜை, ஜெபம், மந்திரத்தை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். அதற்குச் சம்மதம் இருந்தால் மட்டும் போங்கள். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை விண்ணப்பத்தில் மறைக்கவே கூடாது, நீண்ட மௌனம் சிலருக்கு நோயைக் கிளப்பிவிடும். வீட்டில் தினமும் பத்து நிமிஷம் மூக்கு நுனியில் மூச்சைக் கவனிப்பது யாருக்கும் நல்ல தொடக்கம்.

மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி யூத ஆலயம் இருக்கிறது. தரையில் கையால் வரைந்த நீல நிறச் சீன ஓடுகள். சனிக்கிழமை பார்வையாளர்களுக்கு இடமில்லை, அது அவர்கள் ஓய்வுநாள். வெள்ளி சூரியன் மறைந்தது முதல் சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை வேலை கிடையாது, வியாபாரம் கிடையாது, தீ மூட்டுவதும் கிடையாது. ஓய்வைச் சட்டமாகவே ஆக்கிவைத்த மக்கள் அவர்கள். ஓய்வு எடுக்கும்போதுகூடக் குற்ற உணர்ச்சி வரும் நம்மைப் போன்றவர்களுக்கு, குறிப்பாக வீட்டுப் பெண்களுக்கு, இந்தச் சட்டம் தேவை. அந்த ஒரு நாளுக்கு முந்தைய நாளே சமைத்து வைத்துவிட்டு, போனை அலமாரியில் வைத்துவிட்டு, வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஓய வேண்டும். அம்மா மட்டும் ஓய்ந்து, பாத்திரம் திங்கட்கிழமைக்குக் காத்திருந்தால் அது கணக்கில் சேராது.

சீக்கியக் கோவில் நமக்குப் பக்கம் இல்லை. ஆனால் 1924-இல் வைக்கம் சத்தியாக்கிரகத்துக்குப் பஞ்சாபிலிருந்து அகாலிகள் வந்து இலவசச் சமையல்கூடம் நடத்திய வரலாறு உண்டு. அந்த மனசை எங்கும் செய்து பார்க்கலாம். உங்கள் ஊர் அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகாமல், காய் நறுக்கவோ அண்டா கழுவவோ உட்காருங்கள்.

ஐந்தாம் படி: ஒரே ஒரு பழக்கம், ஒரு மாதம்

போய்வந்த இடங்களில் இருந்து ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். காலையில் விபாசனா, மத்தியானம் பாங்கு, ராத்திரி இஞ்ஞாசியார் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் அடுக்கினால் அது இன்னொரு வேலைப் பட்டியல் ஆகிவிடும். ஒரு மாதம் ஒன்றையே பிடித்திருங்கள். வாரம் ஒரு முறை நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: தூக்கம் எப்படி, வீட்டில் குரல் உயர்ந்ததா, உடம்பில் எந்த இடம் இறுக்கமாக இருக்கிறது. மாதம் முடிந்து பார்த்தால் பலன் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். இல்லை என்றால் அந்த மதத்தில் குறை இல்லை, உங்கள் களைப்புக்கு வேறு வாசல், அவ்வளவுதான்.

எடுத்துக்கொண்டதை எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லவும் பழகுங்கள். பிள்ளைகள் கேட்டால் "இது தக்கலைக்காரங்க கிட்ட படிச்சது" என்று சொல்லுங்கள். வாங்கிய வீட்டின் பெயரை மறைப்பது நன்றிகெட்ட செயல்.

ஆறாம் படி: எங்கே நிறுத்த வேண்டும்

மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், நோய் தீரப் பணம் கேட்கிறவர், உங்கள் வீட்டாரிடம் இருந்து உங்களைப் பிரிக்கப் பார்க்கிறவர், உங்கள் பழைய மதத்தை இழிவாகப் பேசச் சொல்கிறவர் எந்த மதத்தில் இருந்தாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எல்லா மதத்திலும் இப்படிச் சிலர் உண்டு. அந்த மதத்தின் நல்ல மனிதர்களுக்கும் அவர்களால் வேதனைதான்.

இன்னொன்று. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் முதலில் டாக்டர், அப்புறம்தான் கோவிலும் பள்ளியும். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் போன் பண்ணலாம், தமிழில் பேசலாம். சாமி கும்பிடுகிறவர் மாத்திரை சாப்பிட்டால் சாமி கோபிக்காது.

ஏழாம் படி: வருஷக் கணக்கு

மாசி 20 அய்யா வைகுண்ட அவதார நாள். நாகர்கோவிலில் இருந்து சாமித்தோப்புக்குப் போகும் ஊர்வலத்தில் யாரும் சேர்ந்து நடக்கலாம். அதே மாசியில் சிவராத்திரி. ஆகஸ்ட், செப்டம்பரில் சமணரின் மன்னிப்பு நாள். நவம்பர் கடைசியில் கோட்டார் திருவிழா தொடங்கி டிசம்பர் 3-இல் முடியும். ரஜபும் ரமலானும் ஒவ்வொரு வருஷமும் சுமார் 11 நாள் முன்னால் நகரும், பக்கத்துப் பள்ளியில் தேதி கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் ஆகாது என்பவர்கள் விழா நாளைத் தவிர்த்துச் சாதாரண நாளில் போகலாம். சாமித்தோப்பில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம். விவேகானந்தர் பாறைத் தியான மண்டபத்துக்கு வேலை நாளில் முதல் படகைப் பிடித்தால்தான் உண்மையாகவே உட்கார முடியும்.

எதில் தொடங்குவது என்று முடிவு செய்ய முடியவில்லை என்றால் சிதறாலில் தொடங்குங்கள். அங்கே யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், எந்த மதத்துக்காரர் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். காலையில் மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.